சீமாட்டி முகத்துச் சாயம்

அந்தக் காலத்துப் பாரீஸில் ஒரு சீமாட்டி. வெள்ளைப் பூச்சும் கன்னச் சிவப்பும் இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டாள். கன்னிமடத்தில் வளரும் குட்டி மகளுக்கு அனுப்ப, ஓர் ஓவியரை அழைத்துத் தன் படத்தைத் தீட்டச் சொன்னாள். தீட்டத் தீட்ட, ஊர்ச் சீமாட்டிகள் எல்லோருக்கும் உள்ள அதே முகம்தான் வந்தது.

"என் மகளுக்கு என்னை அடையாளமே தெரியாதே!"

"பிரபு வீட்டுப் பெண்களை இப்படித்தான் தீட்டணும்" என்று ஓவியர் நெஞ்சை நிமிர்த்தினார்.

பணிப்பெண் தெனீஸ் சிரித்துவிட்டாள்.

"சிரிப்பா? நீயே சரி பண்ணு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு!" என்றாள் சீமாட்டி.

தெனீஸ் வெந்நீரில் துணியை நனைத்தாள். "ஏற்கெனவே தீட்டின படத்தைப் பார்த்துத்தானே ஐயா நீங்க தீட்டினீங்க?" என்றபடி எஜமானியின் முகத்தை மெல்லத் துடைத்தாள்.

பூச்சில்லாத அந்த முகத்தைப் பார்த்துத் தீட்டிய புதுப் படம் மடத்துக்குப் போனது. குழந்தை அதைக் கண்டதும் கேட்டதாம்:

"அம்மா, இன்னிக்கு நீ வெளியே போகலையா?"