திருட்டில் மாட்டிய மாட்டு வைத்தியர்

ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். இருந்தார்கள் என்றால், நாற்காலியில் இருந்தார்கள். பழைய ஓலைச்சுவடிகளை இணையத்தில் ஏற்றி உலகத்துக்கே கொடுக்கப்போகிற துறை அது. தலைவர் ஞானசிகாமணி தலையாட்டினால் ஆவுடையப்பன் ஆட்டுவார். ஆவுடையப்பன் ஆட்டினால் பூவராகன் ஆட்டுவார். கணினி ஒன்றுதான் ஆடாமல் இருந்தது.

அங்கே ஆய்வு செய்யப் போய்ச் சிக்கிக்கொண்டவள் அங்கயற்கண்ணி. இருநூறு வருஷத்துக்கு முன் சடையாண்டி என்ற மாட்டு வைத்தியர் எழுதிய சுவடியை, கண் பூத்துப்போகப் படித்து, எழுத்தெழுத்தாகத் தட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை துறையின் தளத்தில் ஏற்றினாள். ஆய்வேட்டையும் கொடுத்துவிட்டாள். ஒரு கல்லூரியில் வேலை காத்திருந்தது. பட்டம்தான் பாக்கி.

மேலிடத்து உத்தரவு ஒன்று உண்டு: ஆய்வில் வருகிற எந்த எழுத்தையும் திருட்டுச் சோதனைக்குப் போட வேண்டும். காப்பியடித்த வரிகளை இணையத்தில் தேடிப் பிடிக்கிற மென்பொருள் அது. எந்த எழுத்தையும் என்றால் எந்த எழுத்தையும்தானே. புதன்கிழமை மூவரும் சுவடியையே அதில் போட்டார்கள்.

நூற்றுக்கு நூறு திருட்டு என்று வந்தது. எங்கிருந்து எடுத்தது? அவர்கள் துறையின் தளத்திலிருந்து.

"வயிறு உப்பின மாட்டுக்கு ஓமம் கொடு என்கிறது வரைக்கும் நம்முடையது," என்றார் ஞானசிகாமணி.

"எழுத்துப் பிழையைக்கூட விட்டுவைக்கவில்லை, ஐயா," என்றார் பூவராகன்.

அங்கயற்கண்ணி ஓலைச்சுவடியை எடுத்து அவர்கள் முன் வைத்தாள். "ஐயா, சுவடியைப் பார்த்துத்தானே நாம் தளத்தில் போட்டோம்?"

"தளத்தில் செவ்வாய்க்கிழமை என்று தேதி இருக்கிறது. ஓலையில் தேதி இருக்கிறதா அம்மா?"

"இல்லை."

"தேதி போடாதவன் எதற்கும் துணிந்தவன்," என்றார் ஆவுடையப்பன்.

"அவர் காலத்தில் இணையமே கிடையாதே, ஐயா."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"அப்படியானால் நேரில் வந்து பார்த்து எழுதியிருக்கிறான்," என்றார் பூவராகன். "இந்த அறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று நான் அன்றைக்கே சொன்னேன்."

திருட்டுச் சுவடியை நம்பிய ஆய்வேடு செல்லாது என்றார்கள். ஆனாலும் எதிர்த்தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாதல்லவா? சடையாண்டிக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பத் தீர்மானித்தார்கள். அவருக்கு முகவரி இல்லை. ஆவுடையப்பனே ஒன்று உருவாக்கிக் கொடுத்தார்.

பதில் வரவில்லை. "பாவம், அந்தக் காலத்து மனுஷன், தட்டச்சு தெரியாது," என்று ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. சடையாண்டியின் கணக்கில் நுழைந்து, உருக்கமாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினார். பிறகு தன் இடத்தில் வந்து உட்கார்ந்து அதைப் படித்தார். கண் கலங்கியது.

"இந்தக் காலத்தில் யார் இப்படித் தப்பை ஒத்துக்கொள்கிறார்கள்?" என்று ஞானசிகாமணியும் நெகிழ்ந்துபோனார். மன்னித்தார்கள்.

"அப்படியென்றால் என் ஆய்வேடு?"

"செல்லும் அம்மா. வெளித்தேர்வாளர் ஒருவர் வந்து உன்னைக் கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சுவடியைப் பற்றிச் சடையாண்டியைவிட யாருக்குத் தெரியும்? அவரையே போட்டுவிட்டோம்."

தேர்வுக்கு நாள் குறித்துத் தரும்படி அவருக்கு எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடவை ஆவுடையப்பனால் உதவ முடியவில்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது.

அங்கயற்கண்ணி போய்க் கேட்கும்போதெல்லாம் பூவராகன் முகம் சுளிக்கிறார்.

"பெரிய மனுஷரை அவசரப்படுத்தாதே அம்மா. எங்கேயாவது மாடு பார்க்கப் போயிருப்பார்."