கொடிக்கயிறு

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே விளையாட்டு ஆசிரியை வளர்மதி. அவள் உயிரைக் கொடுத்து வளர்த்தது லாக்ராஸ் அணி. நீளக் குச்சி, அதன் நுனியில் வளையம், வளையத்தில் வலை. பந்தைக் கையால் தொடாமல் அந்த வலையில் ஏந்தி, ஓடி, எறிய வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு ஆட்டத்தின் பெயரே வாயில் நுழையாது.

வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு பேர் சேராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவதாகப் பிரின்சிபால் சொல்லிவிட்டார். வருவதோ ஐந்து பேர். வளர்மதிக்குச் சோறு இறங்கவில்லை. புது ஸ்டிக் ஒன்றை எடுத்துக்கொண்டு, இருபது வருஷத்துக்கு முன் தனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த அமலோற்பவம் டீச்சரைப் பார்க்கப் போனாள்.

டீச்சர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“எங்க காலத்துல இருபது பேர் அடிச்சுப்பிடிச்சு ஓடி வந்தோமே டீச்சர். அப்படி என்னதான் பண்ணீங்க?”

“கடைசி வருஷம் ஃபைனல்ல எத்தனை கோல் போட்டோம்?”

வளர்மதி யோசித்தாள். “தோத்தோம். அதுதான் ஞாபகம் இருக்கு.”

“உன் ஸ்டிக்?”

“பச்சை நைலான் கயிறு டீச்சர். வெறும் வளையத்தைக் கையில குடுத்து, வலையை நீங்களே பின்னிக்குங்கன்னு சொல்லிட்டீங்க. அம்மா துணி காயப்போடுற கொடியை அறுத்துட்டு வந்தேன். வீட்ல செம அடி.”

“உன்கூட ஆடின ஜெசிந்தாவோடது?”

“மீன் வலை. அவ பக்கத்துல வந்தாலே நாத்தம். என் வலையில முதல் நாள் பந்து ஓட்டை வழியா விழுந்துச்சு. ராத்திரியெல்லாம் அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினேன். மறுநாள் நின்னுச்சு.”

சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் டீச்சர் பக்கம்தான் இருந்தது.

“கை விரலெல்லாம் புண்ணு டீச்சர். அந்தக் கஷ்டம் இந்தப் பிள்ளைங்களுக்கு வேணாம்னுதான் ரெண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, வலை போட்டதாவே பதினஞ்சு வாங்கினேன். பாருங்க, எவ்வளவு நேர்த்தி.”

டீச்சர் வாங்கிப் பார்த்தார். வலையை விரலால் அமுக்கினார். “நல்லா இருக்கு” என்றார். பிறகு வெங்காயக் கத்தியை எடுத்து, வளையத்தைச் சுற்றி ஒவ்வொரு முடிச்சாக அறுத்தார். வலை மடியில் விழுந்தது.

“டீச்சர், அது காலேஜ் பொருள். நாளைக்குக் காலையில பிராக்டிஸ் இருக்கு.”

டீச்சர் வெறும் வளையத்தோடு ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்தார். அவள் வளையத்தின் ஓட்டைகளில் ஒவ்வொன்றாக விரலை ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் எழுந்து, கத்தியைக் கேட்டுக் கை நீட்டினாள்.

டீச்சர் கொடுக்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

“மீதி பதினாலையும் நீயே அறுத்துடாதடி. அவங்க அறுக்கட்டும்.”