ஒச்சப்பன் மடியும் மடக்குக்கத்தியும்

மூளைப்பட்டி என்று அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர்களும் அந்த ஊர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். அங்கே முதல் அறிவாளி ஒச்சப்பன். இரண்டாவது அவன் மகள் பவளம். பத்து வயதிலேயே அப்பனை எட்டிப் பிடித்துவிட்டாள்.

பக்கத்து ஊரிலிருந்து ஒச்சப்பனின் தங்கை சொல்லி அனுப்பினாள். "நாளைக்கு எம்புள்ளைக்கு மொட்டை. தாய்மாமன் உன் கத்திதான் முதல் முடியை எடுக்கணும். உச்சிப்பொழுதுக்குள்ள வந்துருண்ணே, இல்லேன்னா என் கொழுந்தன் எடுத்துருவாரு. கையை வீசிக்கிட்டு வந்துறாதே."

மாமன் மரியாதை கொழுந்தனுக்கா? ஒச்சப்பனுக்கு நெஞ்சு கொதித்தது. வீட்டில் கத்தி கிடையாது. கொல்லரிடம் ஓடினான். அவர் ஒரு மடக்குக்கத்தியின் அலகு, மரப்பிடி, ஆணி மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

"எனக்கு நேரமில்லப்பா. போற வழியில நீயே செஞ்சுக்க. தண்ணி காட்டிக் கல்லுல தீட்டு. பிடியில வச்சு ஆணியை இறுக அடி. மடக்கி மடியில வச்சுக்கிட்டுப் போ."

விடிந்ததும் பையைப் பவளத்தின் கழுத்தில் மாட்டி, இருவரும் கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். வீசக்கூடாதென்று தங்கை சொல்லியிருக்கிறாளே. எதிரே வந்தவர்கள் சுளுக்கா என்று விசாரித்தார்கள்.

வழியில் ஒரு கிணறு. பவளம் அலகைக் கிணற்றுக்கு நேராக நீட்டினாள்.

"தண்ணியைப் பாத்துருச்சாப்பா?"

"எப்படித் தெரியும்? அதுக்குக் கண்ணு எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் காட்டிருவோம்."

காட்டினார்கள். பிறகு காய்ந்த கல்லில் நெடுநேரம் தீட்டினார்கள், அலகின் முதுகுப் பக்கத்தை.

ஒச்சப்பன் அலகைப் பிடிக்குள் மடக்கிப் பிடித்துக்கொள்ள, பவளம் ஆணியைக் கல்லால் அடித்தாள். இறுக என்றால் அப்படி ஓர் இறுக்கம்.

"விரிய மாட்டேங்குதேப்பா."

"மடக்குக்கத்தின்னா மடங்கித்தான் இருக்கணும். விரிஞ்சா அதுக்கு வேற பேரு."

மகளோடு சேர்ந்து தன் கையால் செய்த கத்தி. ஒச்சப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. உட்கார்ந்த வாக்கில் அதை மடியில் வைத்துக்கொண்டு எழுந்தான். கத்தி கீழே விழுந்தது.

"அப்பா, மடியைக் காணோம்."

உட்கார்ந்தான். மடி இருந்தது. எழுந்தான். போய்விட்டது.

பவளம் வெகுநேரம் யோசித்தாள். "நின்னா மடி ஓடிருதுப்பா. நீ உட்கார்ந்தே வா."

மிச்சமிருந்த ஒன்றரை மைலும் ஒச்சப்பன் உட்கார்ந்தே நகர்ந்தான். கையை வீசிவிடுவோமோ என்ற பயத்தில் பவளம் அவனைத் தலையால் முட்டித் தள்ளினாள். வேட்டியில் பாதி ரோட்டோடு போயிற்று.

தங்கை வீட்டு வாசலை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் இடுப்பில் குழந்தை, மண்டை பளபளவென்று.

"கொழுந்தன் எடுத்துட்டாருண்ணே."

ஒச்சப்பன் முகம் செத்துப்போனது. பவளம்தான் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "திரும்ப முளைக்கும்ல அத்தை?"

"முளைக்கும், ஆறு மாசமாகும். சரி, எந்திரிச்சு உள்ள வாண்ணே, சாப்பிடலாம்."

ஒச்சப்பன் கத்தியை மடியில் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"எந்திரிச்சா மடி போயிரும் தாயி. ஆறு மாசந்தானே, இலையை இங்கயே போடு."