சுல்தானின் இடத்தில் நின்றவர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கீழமுனை என்கிற கடற்கரைச் சீமையைக் கமருத்தீன் சுல்தான் ஆண்டுவந்தார். படையும் கப்பலும் குதிரையும் அவர் சொன்னபடி கேட்டன. அவருடைய தூக்கம் மட்டும் கேட்கவில்லை.

ஒரு ரமலான் முடிந்த கையோடு, இனி விடியற்காலை சுபுஹுத் தொழுகையை ஒருநாளும் விடமாட்டேன், பள்ளிவாசலுக்கே போய்த் தொழுவேன் என்று சபையில் அறிவித்தார். மறுநாள் எழுந்தார், போனார், தொழுதார். அன்று பகல் முழுக்க, விடியற்காற்று எப்படி இருக்கும் என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் விளக்கினார், ஏதோ அந்தக் காற்றைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்பதுபோல. அதற்கடுத்த நாள் வெயில் முதுகைச் சுட்ட பிறகுதான் கண் விழித்தார். அப்புறம் தினமும் அதே கதை.

அரண்மனை விருந்துகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் கலந்தர் மரைக்காயர். மந்திரி உதுமான் நைனாரின் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். சுல்தான் வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், தப்பு அரசர்மேல் இல்லை, தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினாரின் தொண்டையில்தான் இருக்கிறது என்றார். கொசு ரீங்காரம்போல ஒருவர் அழைத்தால் யாருக்குத்தான் விழிப்பு வரும் என்று கேட்டார்.

சுல்தானுக்கு அந்தப் பேச்சு இனித்தது. பாங்கோடு சேர்த்து அரண்மனை வாசலில் முரசு அறையச் சொன்னார். அது போதாமல் பீரங்கியும் வெடித்தார்கள். தொட்டில் பிள்ளைகள் வீறிட்டன. எருமைகள் பால் கொடுக்க மறுத்தன. பக்கத்துத் தெருவில் ஓடுகள் சரிந்தன. சுல்தான் மறுபக்கம் புரண்டு படுத்தார்.

நேரம் பார்த்திருந்த மரைக்காயர் சபையில் எழுந்தார். "அரசரை நல்ல வழியில் நடத்துவது மந்திரியின் பொறுப்பு. நானெல்லாம் ஒருநாள் தவறாமல் முதல் வரிசையில் நிற்கிறேன். அரசரை அங்கே கொண்டுவந்து நிறுத்த மந்திரியாருக்கு மட்டும் ஏன் முடியவில்லை?"

சுல்தானுக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை சுபுஹுக்குத் தம்மை எழுப்பாவிட்டால் மோதினாருக்கு வேலை இல்லை, மந்திரிக்கு முத்திரை மோதிரமும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நைனாருக்கு மோதிரம் போவதைவிட வயதான மோதினாரை நினைத்துத்தான் கவலை. இரவு இஷாத் தொழுகை முடிந்ததும் படுத்துவிடுங்கள் என்று சுல்தானிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். மரைக்காயர் விடவில்லை. அல்வாவும் புகழ்ப்பாட்டுமாக விருந்தை இழுத்துக்கொண்டே போவார். இவருக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை, எழுந்திருக்க ஒரு காரணம்தான் இல்லை என்று நைனார் நினைத்துக்கொண்டார்.

வியாழன் மாலை சுல்தானை நெருங்கி மெதுவாகப் பேசினார்.

"அரசே, பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாமுக்கு நேர்பின்னால் தங்களுக்கென்று ஓர் இடம் உண்டல்லவா? அங்கே தினமும் வேறொருவர் நிற்கிறார். தொழுகை முடிந்ததும் ஊரே போய் அவர் கையைப் பிடித்து சலாம் சொல்கிறது."

"என் இடத்திலா? யார் அவன்?"

"நான் பெயரைச் சொன்னால் கோள் சொன்னதாகிவிடும். வெளிச்சம் வருமுன் அவர் போய்விடுவார். தாங்களே பார்த்துக்கொள்வது நல்லது."

அன்று சுல்தான் அல்வாவைத் தொடவில்லை. விடியலில் முரசுக்காரன் கோலைக் கையில் எடுப்பதற்குள் கைகால் முகம் கழுவி ஒளு செய்து முடித்து, தாமே நடந்துபோய் மந்திரி வீட்டுக் கதவைத் தட்டினார். இன்னுமா தூக்கம் என்று அதட்டவும் செய்தார். தலைப்பாகையோடு தயாராக நின்ற நைனார், சிரிப்பை விழுங்கிக்கொண்டு உடன் நடந்தார்.

சுல்தானின் இடத்தில் நின்றிருந்தவர் உப்பு வண்டி ஓட்டும் சீனி ராவுத்தர். குதிகாலில் உப்பு வெளுத்திருந்தது. சுல்தானைப் பார்த்ததும் அவர் பதறவில்லை. கொஞ்சம் ஒதுங்கி, "காலியாக் கிடந்துச்சு, நின்னேன். வாங்க, தோளோட தோளா நிக்கலாம்" என்றார். சுல்தான் அவர் தோளை ஒட்டி நின்றார். நடக்க முடியாதவர்களை வழியெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர் அவர் என்பதும், அதனால்தான் அந்த சலாம் என்பதும் பிறகு தெரிந்தது. முதல் வரிசையை சுல்தான் இருமுறை பார்த்தார். மரைக்காயரைக் காணவில்லை.

காலைச் சபைக்கு மரைக்காயர் கொட்டாவியோடு வந்தார். இன்றைய சுபுஹு எப்படி என்று சுல்தான் விசாரித்தார்.

"அழுதேவிட்டேன் அரசே. முதல் வரிசையில், இமாமுக்கு நேர்பின்னால் நின்றேன். தாங்களும் பக்கத்தில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்."

"நான் இருந்தேன். உம்மைத்தான் காணோம்."

சபை குலுங்கியது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சுல்தான். நைனார் மட்டும் சிரிக்கவில்லை.

"அரசே, போகாதவரைப் பார்த்துச் சிரித்தாயிற்று. போனவர் எதற்காகப் போனார் என்றும் கேட்டுவிடலாம். படைத்தவன் கூப்பிட்டபோது எழாதவர், தம் இடத்தில் இன்னொருவர் நிற்கிறார் என்றதும் எழுந்தார். இதில் மோதினாரின் தொண்டை என்ன செய்யும்?"

சிரிப்பு நின்றது. அரசரையே குத்திப் பேசியாயிற்று என்று நைனாரின் கை மோதிரத்தைக் கழற்றப் போனது. சுல்தான் அந்தக் கையைத் தடுத்து, "அது விரலிலேயே இருக்கட்டும்" என்றார்.

அன்றே பீரங்கி கோட்டைக்குத் திரும்பியது. மோதினாருக்குத் தம் கையாலேயே சால்வை போர்த்திய சுல்தான், இஷாவுக்குப் பின் விருந்து கூடாது என்றார். சொன்ன பொய்க்குத் தண்டனையாக, மரைக்காயர் தினமும் இருட்டிலேயே நடந்துவந்து அரசரை எழுப்ப வேண்டும் என்று தீர்ப்பானது. பள்ளிவாசலில் இனி யாருக்கும் தனி இடம் இல்லை, முந்தி வந்தவர் முன்னே நிற்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

அதன்பின் சுல்தான் அநேகமாகத் தவறுவதில்லை. ஒரு மழைக் குளிரில் மட்டும் அசந்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். செருப்புகளை ஒட்டிய கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. பக்கத்தில் மரைக்காயர் தூக்கக் கலக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்து முன்வரிசையிலிருந்து வெளியே வந்த ராவுத்தர், சுல்தான் முன் ஒரு கணம் நின்றார்.

"நாளைக்குக் கொஞ்சம் முந்தி வாங்க ராசா" என்று சொல்லிவிட்டு, வண்டியில் மாட்டைப் பூட்டப் போனார்.

கீழமுனையை ஆண்ட கமருத்தீன் சுல்தான், சரி என்று தலையாட்டினார்.