வளைவில் கேட்ட சத்தம்

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் ரஹமத்பீ கார் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் தொழில் கற்க வந்த இஸ்ரவேல் அவரைவிட வயதில் மூத்தவர். எஸ்டேட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருமுறை மலையிறங்கும்போது, முன்னால் போன வேனின் சக்கரம் கழன்று தனியே உருண்டு பள்ளத்தில் விழுவதைப் பார்த்தார். வேனும் அதன் பின்னாலேயே போனது. அன்றோடு லாரியை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எந்த வண்டியில் என்ன சத்தம் கேட்டாலும் சக்கரத்தைத் தாங்கும் பேரிங் போய்விட்டதாகவே அவருக்குத் தோன்றும். ஒன்றுமில்லாத வண்டிகளையும் கழற்றிப் பார்ப்பார்.

"மேஸ்திரி, இது நிஜமான பயமா, என் மனசே கிளப்பற பயமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று ஒருநாள் கேட்டார்.

ரஹமத்பீ பதில் சொல்வதற்குள் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் போஜன். பின்சீட்டில் அவர் மனைவி, மடியில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து கோத்தகிரிக்கு, வீட்டுக்குப் போகிறார்கள்.

"ஊன்னு ஒரு சத்தம் வருதுங்க. டயர் தேஞ்சிருக்கு, அதுதான்னு ஒருத்தர் சொன்னார். மலை ஏறலாமுங்களா?"

டயர்கள் தேய்ந்துதான் இருந்தன. குனிந்து பார்த்த இஸ்ரவேல் நிமிர்ந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"குழந்தையோட உள்ள வந்து உட்காரும்மா," என்று போஜனின் மனைவியை அழைத்தார் ரஹமத்பீ. சாவியை இஸ்ரவேலிடம் நீட்டினார். "ஓட்டுங்கண்ணே."

"நானா?"

"எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு நீங்கதானே கேட்டீங்க."

இருவரும் ஊருக்கு வெளியே போனார்கள். பெயர்ந்து கிடந்த ரோட்டில் சத்தம் இரைந்தது. புதுத் தார் போட்ட இடம் வந்ததும் பாதியாகக் குறைந்தது.

இஸ்ரவேல் மூச்சு விட்டார். "ரோடு மாறினா சத்தமும் மாறுது. டயர்தான் மேஸ்திரி. பேரிங்னா எந்த ரோட்டுலயும் ஒரே மாதிரி கத்தும். திரும்பிடலாம்."

"மிச்சம் பாதி சத்தம்?"

"அதுவும் டயர்தான்."

"முன்னால இடப்பக்கம் ஒரு வளைவு இருக்கு. அதையும் பார்த்துடுவோம்."

வளைவு நெருங்கியது. இஸ்ரவேல் பிரேக்கை மிதித்தார். கார் ஊர்ந்து திரும்பியது. சத்தமே இல்லை.

"பாருங்க, ஒண்ணுமில்லை."

"மறுபடியும்."

சுற்றி வந்தார்கள். மறுபடியும் ஊர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னால முடியலை மேஸ்திரி. நீங்க ஓட்டுங்க."

"நான் பக்கத்துலதான் இருக்கேன். ரோட்டுல யாருமில்லை. குழந்தையை வெச்சுக்கிட்டு அவர் எந்த வேகத்துல திரும்புவாரோ, அந்த வேகத்துல திரும்புங்க."

இஸ்ரவேலின் உதடுகள் ஜெபம் சொல்வதுபோல் அசைந்தன. இந்த முறை அவர் பிரேக்கைத் தொடவில்லை. வண்டியின் பாரமெல்லாம் வலப்பக்கம் சாய்ந்தது. அவர் காலுக்குக் கீழே, முன் வலது சக்கரத்தில், ஏதோ உறுமியது. வண்டி நேரானதும் அடங்கியது.

பட்டறை வரும்வரை மெதுவாகவே வந்தார்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். இஸ்ரவேல் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். ஆடியது. கையால் சுற்றிவிட்டார். உள்ளே மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது.

"அப்ப டயர் இல்லீங்களா?" என்றார் போஜன்.

"டயரும்தாங்க. அந்தச் சத்தத்துக்கு அடியில இந்தப் பேரிங் சத்தமும் இருந்திருக்கு. இந்தச் சக்கரத்தோட மலை ஏறாதீங்க," என்றார் இஸ்ரவேல்.

போஜன் உள்ளே தூங்கும் குழந்தையைப் பார்த்தார். வெளியே மலையைப் பார்த்தார். பிறகு வேறு வண்டி பிடிக்கப் போனார்.

இஸ்ரவேல் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமில்லாத வண்டிக்கெல்லாம் பேரிங், பேரிங்னு அலறினேன். நிஜமாவே போயிருக்கிற வண்டிக்கு டயர்னு சொல்லிட்டேனே மேஸ்திரி. ஏன் அப்படிச் சொன்னேன்?"

ரஹமத்பீ அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"சத்தம் கேட்டுடக் கூடாதுன்னு வளைவுல ஊர்ந்து போனீங்களே, சத்தம் நின்னுச்சு," என்றார். "பயம் நின்னுச்சாண்ணே?"

இஸ்ரவேல் சக்கரத்தை இன்னொரு முறை சுற்றிவிட்டு, கரகரப்பு அடங்கும்வரை காதைக் கொடுத்துக் கேட்டார்.