மிளகாய்த் தோட்டத்துக்காரர் வைத்த விருந்து

நாலுவீட்டுப்பட்டியில் வீடு நாலு, மூளையும் நாலு. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் நாலும் புத்தம் புதுசாகவே இருந்தன.

ஊர்ப்பெரியவர் இருளப்பனுக்குக் கேழ்வரகுக் கொல்லை. பூவாயிக்கு முருங்கைத் தோப்பு. எட்டியப்பனுக்குப் பூசணிக்கொடி. நம்ம சோணைக்கு மிளகாய்த் தோட்டம். அதில் மிளகாயைத் தவிர ஒரு புல்லும் கிடையாது. விளைந்ததையெல்லாம் சந்தையில் தள்ளிவிட்டு, பன்னும் பாக்கெட் சேமியாவும் வாங்கித் தின்று, நாலு வீட்டாரும் ஊதினால் பறக்கிற மாதிரி இருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நர்சம்மா வந்தார். ஒவ்வொருத்தர் கண் இமையையும் இழுத்துப் பார்த்தார், எடை போட்டார், தலையில் அடித்துக்கொண்டார்.

“கடைச் சரக்கை விடுங்க. இனிமே உங்க மண்ணுல விளையறதைச் சாப்பிடுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை எடை பார்க்க வருவேன்.”

வண்டி மறைந்ததும் கூட்டம் கூடியது. உங்க மண்ணு என்றால் எதுவரைக்கும் என்று எட்டியப்பன் கேட்டார். இருளப்பன் வெகுநேரம் மோவாயைத் தடவினார்.

“வரப்பு வரைக்கும். இல்லேன்னா வரப்பு எதுக்குப் போட்டோம்?”

எல்லாரும் ஒத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சோணை வீட்டில் மிளகாய்த் துவையல், தொட்டுக்கொள்ள மிளகாய் வற்றல். மறுநாள் பழைய துவையலைக் கரைத்து மிளகாய்க் கஞ்சி. இருபது வருஷமாக ஓயாமல் ஏசிக்கொண்டிருந்த அவர் மனைவி ஒய்யம்மாவுக்கு, வாயைத் திறந்தால் ‘உஸ்’ என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. சத்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று சோணைக்கு ஒரே சந்தோஷம்.

நாலாம் நாள் அந்தச் சந்தோஷமும் எரியத் தொடங்கியது. எட்டியப்பனுடைய தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, அங்கேயே பூசணிக்காயைத் தின்றால் தப்பில்லையே என்று கேட்டுப் பார்த்தார்.

“உக்காந்த இடம் என் மண்ணுதான் மச்சான், ஒத்துக்கறேன். ஆனா வயிறு உன் வயிறாச்சே” என்றார் எட்டியப்பன்.

சோணை குனிந்து பார்த்தார். அவருடைய வயிறுதான். எழுந்து வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மகள் செவத்தாளிடமிருந்து போன் வந்தது. புது மாப்பிள்ளை சேதுமாணிக்கத்தோடு வருகிற வெள்ளிக்கிழமை முதல் விருந்துக்கு வருகிறாளாம். மாப்பிள்ளைக்கு டவுனில் தையல் கடை. தலை வாழை இலையில் மிளகாய்க் கஞ்சியை ஊற்றினால், மனுஷன் பெண்ணை இங்கேயே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட மாட்டாரா? சோணை இருளப்பன் வீட்டுக்கு ஓடினார்.

மறுபடி கூட்டம். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். கடைசியில் பூவாயிக்குப் பளிச்சென்று பட்டது. குறுக்கே நிற்பது மண்ணுதானே? ஆளுக்கொரு கூடை மண்ணை அள்ளி மற்ற மூன்று தோட்டத்திலும் கொட்டிவிட்டால், எல்லாருக்கும் எல்லாம் சொந்த மண்ணில் விளைந்ததாகிவிடும்!

விடிந்ததும் கூடையைத் தூக்கினார்கள். ஆளுக்கு மூன்று கூடை மண்ணில் முடிகிற வேலைதான். ஆனால் எட்டியப்பன் கொட்டிவிட்டுப் போன மண்ணை, பாவம், மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று சோணை அள்ளிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தார். அந்த மரியாதையைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். இரண்டு நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை சோணை வீட்டு வாசனை தெருமுனை வரைக்கும் அடித்தது. கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரைக் குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு, ஓரமாக ஒரே ஒரு மிளகாய் வற்றல். மாப்பிள்ளை களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனார். ஊரோடு விருந்துக்கு வந்திருந்த இருளப்பன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மாப்பிள்ளை, உங்க மண்ணு எது?”

“எனக்கு ஏதுங்க மண்ணு? ரெண்டாவது மாடியில வாடகைக்கில்ல இருக்கேன்.”

களி ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கண் பஸ் வருகிற பாதைப் பக்கம் போனதைச் சோணை பார்த்துவிட்டார். அந்தப் பதற்றத்தில்தான், ஊரில் இருந்த நாலு மூளையில் ஒன்று முதன்முதலாகத் திறந்தது.

“பெரியவரே, என் தோட்டத்துல வேர்விட்டு நிக்கிறது எல்லாம் என் மண்ணைச் சேர்ந்ததுதானே?”

“ஆமா.”

“அப்ப இவரும் நிக்கட்டும்.”

கொஞ்ச நேரத்தில் எடை பார்க்க வந்தார் நர்சம்மா. இலையிலிருந்த களியையும் கீரையையும் கூட்டையும் பார்த்ததும் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதைத்தானே இத்தனை வருஷமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், கடைசியில் நீங்கள்தான் சரியாகப் புரிந்துகொண்டீர்கள் என்று நாலு பேரையும் கைகூப்பிக் கும்பிட்டார். அப்புறம்தான் தோட்டத்துப் பக்கம் திரும்பினார்.

மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே, முழங்கால் வரை மண்ணுக்குள், சேதுமாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். ஒய்யம்மா மூன்றாவது உருண்டைக் களியை ஊட்டிக்கொண்டிருந்தாள். செவத்தாள் புருஷன் காலடியில் பதமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நர்சம்மா எடை மெஷினைக் கீழே வைத்தார். பிறகு, அவரையும் எடை போட வேண்டும், முதலில் வெளியே தூக்குங்கள் என்றார்.

சோணை பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றார்.

“இப்பப் பிடுங்கிடாதீங்க தாயி, இன்னிக்குத்தான் நட்டிருக்கோம். எடையெல்லாம் அறுவடைக்கு அப்புறம் போட்டுக்கலாம்.”

வாய் நிறையக் களியோடு மாப்பிள்ளையும் ஆமாம் என்று தலையாட்டினார்.