அத்தி தன் பூவை மறைத்த மாலை

அந்தக் காலத்தில், மரங்களுக்கு வாயும் வம்பும் இருந்தபோது, அத்தியும் எல்லோரும் பார்க்கத்தான் பூத்தது. கிளை தெரியாமல் பூக்கும். அந்தப் பூவை நினைத்து அதற்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அது கடவுளின் முதல் தோட்டம். அங்கே ஒரு மரத்தின் பழத்தை மட்டும் தின்னக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அங்கிருந்த முதல் பெண்ணும் அவள் புருஷனும் ஒருநாள் அதைத் தின்றுவிட்டார்கள். தின்ற பிறகுதான் தாங்கள் அம்மணமாக நிற்பது உறைத்தது. வெயில் தாழ்ந்ததும் கடவுள் உலாவ வருவார். அதற்குள் உடம்பை மூடியாக வேண்டும். புருஷன் புதருக்குள் பதுங்கிக்கொண்டான். அலைந்தது அவள்தான், பாவம்.

முதலில் வாழையிடம் ஓடினாள். "ஒரு இலை குடு அக்கா."

"என் இலை ஒண்ணே போதும் தாயி. ஆனா குடுத்தா, பழம் குடுத்ததும் நான்தான்னு ஐயா நினைச்சிருவாரே!"

மாமரமும் அதையே சொன்னது. மாதுளை கிளையை எட்டாமல் மேலே இழுத்துக்கொண்டது. தப்பில் பங்கு ஒரே ஒரு மரத்துக்குத்தான். பயந்ததோ தோட்டம் முழுக்க.

கடைசியில் அத்தியின் அடியில் உட்கார்ந்து அழுதாள். "நீ பூத்துக் குலுங்குற. நான் மானத்தை மூட ஒரு இலைக்கு அலையுறேன்."

அத்திக்குத் தன் பூவைப் பார்க்கத் தனக்கே கூச்சமாக இருந்தது. "பறிச்சுக்கோ தாயி. என் இலை சொரசொரன்னு இருக்கும், பொறுத்துக்கோ" என்று கிளையைத் தாழ்த்திக் கொடுத்தது. அவள் இலைகளைத் தைத்து முடிப்பதற்குள், தன் பூ அத்தனையையும் காய்க்குள் இழுத்து மூடிக்கொண்டது.

மாலையில் கடவுள் வந்தார். "உன் பூ எங்கே?"

"ஒருத்தி கூசி நிக்கையில நான் மட்டும் விரிச்சுக் காட்டவா, ஐயா?"

"சரி. அந்தப் பழத்தைக் கொடுத்த மரத்தின் பேரை வேதத்தில் எழுதப்போகிறேன். காலத்துக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்."

"எழுதிராதீங்க ஐயா. அதுவும் வெக்கத்துலதான் நிக்குது. அதை மூட எங்கிட்ட இலை மிச்சமில்ல."

கடவுள் எழுத எடுத்த எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று முதல்தான் அத்தி யார் கண்ணிலும் படாமல் காய்க்குள்ளேயே பூக்கிறது. வேதத்தையும் புரட்டிப் பாருங்கள்: இலை தந்தது அத்தி என்று இருக்கிறது, பழம் தந்தது இன்ன மரம் என்று எங்கேயும் இல்லை.